மூச்சை எண்ணும் பின்னல் பெல்ட்: நூல் தேர்வு முதல் துவைப்பு வரை முழுமையான வழிகாட்டி

மின்கடத்தும் நூலைச் சாதாரண நூலோடு சேர்த்துப் பின்னி, நெஞ்சைச் சுற்றிக் கட்டினால் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று சொல்லும் பெல்ட் ஒன்றைச் செய்வதுதான் இங்கே வேலை. மூச்சோடு நெஞ்சு விரியும்போது துணி நீளும், அதன் மின்தடை மாறும்; அந்த மாற்றத்தைத்தான் எண்ணுகிறோம். ஸ்மார்ட் டெக்ஸ்டைலில், அதாவது அளக்கும் வேலை செய்யும் துணியில், முதன்முதலாகக் கை வைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். இதயத்தின் மின்துடிப்பு தோலின் மேல் ஒரு மில்லிவோல்ட் அளவுதான் இருக்கும். அதைத் துணியால் பிடிப்பது தனி வித்தை. மூச்சு அப்படியில்லை. நெஞ்சைக் கண்ணுக்குத் தெரியும்படி நகர்த்துகிறது. தையல் டேப்பாலேயே அளந்துவிடலாம்.

புராஜெக்டுக்காக வரும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள்: முதலில் மின்னணு போர்டு, பிறகு புரோகிராம், பிறகு ஆன்லைனில் கிடைத்த நூல், கடைசியில் துணி. ரிவ்யூவுக்கு முந்தின வாரம் பெல்ட்டைக் கட்டிப் பார்த்தால் திரையில் கோடு அசையாது, அல்லது கண்டபடி ஆடும். உடனே புரோகிராமில் அலையைச் சுத்தம் செய்யும் ஃபில்டரை மாற்றத் தொடங்குவார்கள். கோளாறு புரோகிராமில் இருப்பது அபூர்வம். உடம்பு எவ்வளவு நகர்கிறது, அதில் எவ்வளவு துணிக்குப் போய்ச் சேர்கிறது என்பதைப் பார்க்காமல் விட்டதில் இருக்கும். ஆகவே கீழே உள்ள வரிசை தலைகீழ்: உடம்பு, நூல், பின்னல், சோதனை, பெல்ட், இணைப்பு, அதற்குப் பிறகுதான் சர்க்யூட்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

துணிப் பக்கத்துக்கு: மின்கடத்தும் நூல் ஒரு சின்ன கோன், சாயமிட்ட பாலியஸ்டர் நூல், லைக்ரா (நீண்டு மீளும் இழை), நீளாத நாடா, பக்கிள், உலோகப் பிரஸ் பட்டன், ஃபியூசிங் துணி (இஸ்திரி போட்டு ஒட்டினால் துணியைக் கெட்டியாக்குவது).

மின்னணுப் பக்கத்துக்கு: மல்டிமீட்டர், ஈஎஸ்பி32 போர்டு (புரோகிராம் ஓடும் சிறு கணினி), ஏடிஎஸ்1115 மாட்யூல் (வோல்ட்டேஜை நுணுக்கமாக அளந்து எண்ணாகத் தருவது), 1 சதவீதத் துல்லியமுள்ள ரெசிஸ்டர்கள், பாதுகாப்பு சர்க்யூட் உள்ள சிறிய லித்தியம் பேட்டரி, சிலிக்கான் உறை போட்ட மெல்லிய பல்லிழை வயர். ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம். உடம்பில் வளைந்து வளைந்து சீக்கிரம் ஒடியும்.

பலரும் வாங்காமல் விடுவது சோதனைச் சாமான்: தையல் டேப், ஒரு மரப்பலகை, இரண்டு பிளாஸ்டிக் கிளிப், நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றும் கியர் மோட்டார். இந்த மோட்டார் எதற்கு என்பது 5-ஆம் படியில் வரும். அது இல்லாமல் தொடங்க வேண்டாம்.

## 2. முதலில் டேப்பை எடுங்கள்

யார் கட்டப் போகிறாரோ அவரை உட்கார வைத்து, மெல்லிய பனியனுக்கு மேல் நெஞ்செலும்பு முடியும் மட்டத்தில் டேப்பைச் சுற்றுங்கள். பெண்களுக்கு மார்புக்குக் கீழ்க்கோடு. சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும்போது ஓர் அளவு, இழுத்து முடிக்கும்போது ஓர் அளவு. "நல்லா இழுங்க" என்று சொல்லக் கூடாது. சொன்னால் நாடகமூச்சு வரும். பேச்சுக் கொடுத்துவிட்டு அவர் மறந்திருக்கும் நேரத்தில் எடுக்க வேண்டும். ஆழ்ந்த மூச்சின் அளவைத் தனியாகக் கடைசியில் எடுங்கள்.

இதையே தொப்புளுக்குச் சற்று மேலேயும் செய்யுங்கள். அமைதியாக இருக்கும்போது பலருக்கு நெஞ்சைவிட வயிறுதான் அதிகம் ஏறி இறங்கும். படுத்தால் இன்னும் கூடும். எந்த இடம் அதிகம் நகர்கிறதோ அங்கேதான் பெல்ட். நெஞ்சு என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டு, நகராத இடத்தில் சென்சாரை வைத்துத் தேடுவது வீண் வேலை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சுற்றளவு 85 செ.மீ., அமைதியான மூச்சில் மாற்றம் 8 மி.மீ. என்று வைப்போம். பெல்ட் முழுவதும் எலாஸ்டிக் என்றால் அந்த 8 மி.மீ. 85 செ.மீ. முழுக்கப் பரவிவிடும், நீட்சி 1 சதவீதத்துக்கும் குறைவு. அதே பெல்ட்டில் 10 செ.மீ. மட்டும் நீளும் துணி, மீதி நீளாத நாடா என்றால் 8 மி.மீ. முழுவதும் அந்த 10 செ.மீ.-இல் வந்து இறங்கும். நீட்சி 8 சதவீதம். நூலையோ சிப்பையோ மாற்றாமல் சிக்னல் எட்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது.

அப்படியானால் 4 செ.மீ. போதுமே என்று தோன்றும். போதாது. ஆழ்ந்த மூச்சில் சுற்றளவு 4 செ.மீ. கூடுகிறது என்றால் 4 செ.மீ. துணி இரண்டு மடங்காக நீள வேண்டும். அது நெஞ்சைப் பிடித்து இறுக்கும், கட்டியவர் இயல்பாக மூச்சு விடமாட்டார். 10 முதல் 12 செ.மீ. நடுவாந்தரமான அளவு. நடைமுறையில் பெல்ட்டுக்கும் பனியனுக்கும் இடையே உராய்வு இருப்பதால் முதுகுப் பக்க அசைவு முழுவதும் முன்னால் வந்து சேராது. அதனால் நாடா வழவழப்பாக இருக்கட்டும். சென்சார் முன்பக்கமோ பக்கவாட்டிலோ அமையட்டும்.

## 3. நூலைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் கிடைப்பவை முக்கியமாக இரண்டு வகை. ஒன்று வெள்ளி பூசிய நைலான். மென்மையானது, ஊசியில் ஒழுங்காக ஓடும், மின்தடை நீளம் முழுக்க ஏறக்குறைய சீராக இருக்கும். குறை என்னவென்றால் பூச்சு தேயும், ப்ளீச் பட்டால் கெடும், காற்றில் உள்ள கந்தகத்தால் கறுக்கும். மற்றொன்று பாலியஸ்டரோடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இழைகளைக் கலந்து நூற்ற நூல். 80% பாலியஸ்டர், 20% ஸ்டீல் என்பது வழக்கமான கலவை. துவைப்புக்கு நன்றாகத் தாங்கும், மின்தடை அதிகம். ஆனால் துண்டு துண்டான ஸ்டீல் இழைகள் ஒன்றையொன்று தொட்டுத்தான் மின்சாரம் போகிறது என்பதால் அளவு நிலையாக நிற்காது.

முதல் பெல்ட்டுக்கு வெள்ளி பூசிய நைலான். சீரான நூலில் தொடங்கினால், பின்னால் வரும் ஏற்ற இறக்கம் பின்னலால் வந்தது என்று தெரியும்; நூல் மேல் பழி போட வழியிருக்காது.

லேபிளில் போட்டிருக்கும் மின்தடையை நம்பி வேலையைத் தொடங்காமல், ஒரு மீட்டர் நூலை மரப்பலகையில் தளர்வில்லாமல் நீட்டி, இரு முனையிலும் மல்டிமீட்டர் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கோனின் வெளிச்சுற்றில் ஒருமுறை, ஐம்பது மீட்டர் உள்ளே போய் ஒருமுறை. இரண்டும் வெகுவாக மாறினால் அந்தக் கோனை சென்சாருக்கு எடுக்காதீர்கள்.

இன்னொன்று: கோன் மாற்றிச் சுற்றக் கொடுத்தால், மெழுகு போட வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பின்னல் நூலுக்கு மெழுகு பூசுவது வைண்டிங்கில் கைப்பழக்கம், சொல்லாவிட்டால் பூசிவிடுவார்கள். நூலும் நூலும் தொடும் இடத்தில் அந்த மெழுகு நின்று மின்சாரத்தை மறிக்கும்.

## 4. பின்னல்: காலர் மெஷினில் சாம்பிள்

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. டி-ஷர்ட் காலரும் கஃபும் பின்னும் பிளாட் மெஷின் தெருவுக்குத் தெரு உண்டு. வட்டப் பின்னல் மெஷினில் ஒவ்வொரு ஃபீடருக்கும், அதாவது ஊசிக்கு நூல் கொடுக்கும் ஒவ்வொரு இடத்துக்கும், கோன் வைக்க வேண்டும். விலை கூடிய நூலில் அது கட்டாது. ஒரே ஃபீடரில் மட்டும் வைத்தால் நூல் துணிக்குழாயைச் சுருளாகச் சுற்றிக்கொண்டே போகும். சென்சாரின் வடிவம் நம் கையில் இல்லை. காலர் மெஷினில் நூல் இடமிருந்து வலம் போய் வலமிருந்து இடம் திரும்பும். இந்தத் திரும்புதல்தான் நமக்கு வேண்டியது.

அமைப்பு இப்படி: ஒன்றுக்கு ஒன்று ரிப் (முன்பக்கக் கண்ணி ஒன்று, பின்பக்கக் கண்ணி ஒன்று என மாறி மாறி வரும் பின்னல்; கண்ணி என்பது நூல் வளையம்), லைக்ராவோடு. ரிப் அகலவாக்கில் நன்றாக நீண்டு மீளும்; லைக்ரா இல்லாத ரிப் நீண்ட பிறகு சோம்பலாகத்தான் திரும்பும், மூச்சை விடும்போது கோடு கீழே வராமல் தொங்கும். நாலு சாதாரண வரிசைக்கு ஒரு கடத்தும் வரிசை, மறுபடி நாலு சாதாரண வரிசை, அடுத்த கடத்தும் வரிசை. கடத்தும் நூலை வெட்டாமல் ஓரத்தில் ஏற்றிக்கொண்டே போகச் சொல்லுங்கள். அப்போது எல்லா வரிசைகளும் பாம்புபோல் வளைந்து ஒரே நீண்ட பாதையாகிவிடும். கடத்தும் வரிசைகள் இரட்டைப்படையில் இருந்தால் இரண்டு முனையும் ஒரே பக்கம் வந்து நிற்கும். வயரை நெஞ்சுக்குக் குறுக்கே இழுக்க வேண்டாம்.

ஏன் நடுவில் நாலு வரிசை இடைவெளி? பக்கத்துப் பக்கத்து வரிசைகள் இரண்டும் கடத்தினால் கண்ணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு குறுக்கு வழி உண்டாகும். அப்போது துணியை இழுக்கும்போது இரண்டு விளைவுகள் எதிரெதிராகப் போட்டி போடும்: கோத்த இடத்தில் அழுத்தம் கூடி மின்தடை குறையும், பாதை நீண்டு மின்தடை கூடும். ஓரளவு வரை இறங்கி, பிறகு ஏறும் கோடு கிடைக்கும். அதை வைத்து மூச்சு ஒன்றா இரண்டா என்று எந்தப் புரோகிராமாலும் சொல்ல முடியாது. தனித்தனி வரிசையாக விட்டால் நடப்பது எளிது. தளர்ந்த நிலையில் லைக்ரா துணியைச் சுருக்குவதால் ஒரே வரிசையின் அடுத்தடுத்த கண்ணிகள் தொட்டுக்கொண்டிருக்கும், இழுத்தால் விலகும், மின்தடை ஏறும். ஒரே திசை.

மெஷின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம் டென்ஷன் தட்டு. பாலியஸ்டருக்கு வைத்த இறுக்கத்தில் வெள்ளி நூலை ஓட்டினால், சாம்பிள் முடிந்தபின் அந்தத் தட்டில் விரலை வைத்துத் தேயுங்கள்: சாம்பல் நிறத்தில் மினுங்கும் தூள் ஒட்டும். அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வெள்ளி. தட்டைத் தளர்த்தி மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். ஸ்டீல் கலந்த நூல் என்றால் எச்சரிக்கை வேறு: உதிரும் இழைத்தூசி மின்கடத்தும், மெஷினின் கன்ட்ரோல் பெட்டிக்குள் போனால் ஷார்ட் ஆகலாம். முன்கூட்டியே சொல்லி, முடிந்ததும் சுத்தம் செய்துவிட்டு வருவதே முறை. இல்லையென்றால் அடுத்த முறை அந்தக் கதவு திறக்காது.

மெஷின் மேஸ்திரியிடம் "சென்சார்" என்று தொடங்கினால் பேச்சு எங்கோ போகும். "அண்ணா, நாலு கோர்ஸ் பாலியஸ்டர், ஒரு கோர்ஸ் இந்த நூல், ஓரத்துல வெட்டாம ஏத்திக்குங்க" என்று சொன்னால் வேலை நடக்கும். ஒரே அளவில் ஆறேழு துண்டாகப் பின்னி வாங்குங்கள். சோதனையில் சில போகும்.

பின்னிய பிறகு சாயம், ப்ளீச், சிலிக்கான் சாஃப்ட்னர் எதுவும் வேண்டாம். லேசாக ஆவி காட்டி, ஒரு நாள் மடிக்காமல் விரித்து வையுங்கள். மெஷினில் இழுபட்ட துணி தன் அளவுக்குத் திரும்ப நேரம் வேண்டும். அன்றே வெட்டினால் மறுநாள் சென்சார் சுருங்கியிருக்கும்.

## 5. உடம்பில் கட்டுமுன் பலகையில் இழுத்துப் பாருங்கள்

துண்டின் இரு முனைகளையும் பலகையில் பிளாஸ்டிக் கிளிப்பால் பிடியுங்கள். உலோகக் கிளிப் கடத்தும் வரிசைகளைத் தொட்டால் அவை ஷார்ட் ஆகும். தளர்ந்த நீளத்தில் மின்தடையைக் குறியுங்கள். பிறகு 5 சதவீதப் படியாக 60 சதவீதம் வரை நீட்டி, ஒவ்வொரு படியிலும் குறியுங்கள். அதே படிகளில் திரும்பி இறங்கி வாருங்கள்.

முதல் முறை கிடைக்கும் எண்களைத் தூக்கிப் போட்டுவிடலாம். புதுத் துணியில் கண்ணிகள் இன்னும் தங்கள் இடத்தில் உட்காரவில்லை. இங்கேதான் கியர் மோட்டார். அதன் அச்சில் மையத்திலிருந்து 4 மி.மீ. தள்ளி ஒரு முளை வைத்து, துணியின் ஒரு முனையை அதில் மாட்டினால், ஒவ்வொரு சுற்றுக்கும் துணி 8 மி.மீ. நீண்டு மீளும். நிமிடத்துக்கு 15 சுற்று என்பது அமைதியாக இருக்கும் பெரியவரின் மூச்சு வேகம். வழக்கமான அளவு 12 முதல் 20. ஒரு மணி நேரம் ஓடவிட்டால் 900 மூச்சு விட்ட துணி கையில் இருக்கும். அதன் பிறகு அளக்கும் எண்கள்தான் கணக்கு.

எண்களைக் கிராஃபில் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். ஏறும் கோடு எங்காவது திரும்பி இறங்குகிறதா? அந்த இடத்துக்கு முன்போடு உபயோக எல்லை முடிந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே நீட்சியில் எவ்வளவு வித்தியாசம்? மூச்சு எண்ணுவதற்குக் கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் பாதகமில்லை. மூச்சின் அளவைக் கணிக்க நினைத்தால் பாதகம். 20 சதவீதம் நீட்டி ஐந்து நிமிடம் பிடித்தால் எண் நகர்கிறதா? நகரும். எவ்வளவு வேகத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள், 9-ஆம் படிக்கு வேண்டும்.

தளர்ந்த நிலைக்கு அருகில் பெரும்பாலான துண்டுகளில் கோடு மந்தமாக இருக்கும். அதனால் பெல்ட்டைக் கட்டும்போதே துணி 15 முதல் 20 சதவீதம் நீண்டிருக்க வேண்டும். இதற்கு மேல் ஆழ்ந்த மூச்சின் 4 செ.மீ.-ஐயும் சேர்த்தால் 10 செ.மீ. துணி மொத்தம் 60 சதவீதம் வரை போகும். அதுவரை கோடு திரும்பாத துண்டைத்தான் அடுத்த படிக்கு எடுக்க வேண்டும்.

## 6. பெல்ட் தைத்தல்

சென்சார் துண்டின் இரு முனையிலும் 2 செ.மீ. அளவுக்கு ஃபியூசிங் ஒட்டி, நாடாவோடு தைக்கவும். ஃபியூசிங் எதற்கென்றால், நீளும் பகுதிக்கு ஒரு தெளிவான எல்லை வேண்டும். எல்லை இல்லாவிட்டால் தையல் இருக்கும் இடமே கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டு அகலும், கணக்குப் போட்ட 10 செ.மீ. 11 ஆகும்.

நீளும் பகுதிக்குக் குறுக்கே சாதாரணப் பூட்டுத் தையல் ஒன்றுகூட வரக் கூடாது. ஓரம் மடிக்க வேண்டுமானால் ஓவர்லாக். உள்பக்கம், அதாவது பனியன் பக்கம், மெல்லிய லைக்ரா துணியால் ஒரு லைனிங் கொடுங்கள், தளர்வாக. வியர்வை உப்புநீர், கடத்தும் வரிசைகளுக்கு நடுவில் ஊறினால் அதுவே ஒரு குறுக்கு வழி ஆகிவிடும்.

பக்கிளில் அளவுக்கோடுகள் மார்க்கரால் போட்டு வையுங்கள். நேற்று எந்தக் கோட்டில் கட்டினோம் என்று தெரியாவிட்டால் நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிட முடியாது.

## 7. நூலும் வயரும் சேரும் இடம்

பெல்ட் சாகும் இடம் இதுதான். மற்ற எல்லாப் படியையும் சேர்த்தாலும் இங்கே நடக்கும் கோளாறு அதிகம்.

சால்டரிங் வேண்டாம். நைலான் 66 ஏறக்குறைய 260 டிகிரியில் உருகும். சால்டரிங் அயர்ன் வழக்கமாக 350 டிகிரியில் இருக்கும். சிலருக்கு ஒட்டியதுபோல் தெரியும். உள்ளே நைலான் கருகி வெள்ளித் தோல் மட்டும் நிற்கும், இரண்டு நாளில் விடும். ஸ்டீல் நூலில் சாதாரண ஈயம் பிடிக்கவே பிடிக்காது.

செய்ய வேண்டியது: கடத்தும் நூலின் முனையைக் கொஞ்சம் நீளமாக விட்டு, ஃபியூசிங் ஒட்டிய கெட்டியான பகுதிக்குக் கொண்டுபோய், பிரஸ் பட்டன் இறங்கும் இடத்தில் நாலைந்து சுற்று தையலாகப் போடுங்கள். அதன் மேல் பட்டனை அடித்து இறுக்குங்கள். உலோகப் பற்கள் நூலைப் பல இடத்தில் கடிக்க வேண்டும். பட்டனின் மறுபாதி வயரோடு சர்க்யூட் பக்கம் இருக்கும்; துவைக்கும்போது கழற்றிவிடலாம். பட்டனின் பின்பக்கத்தைத் துணியால் மூடுங்கள். நிக்கல் பலருக்குத் தோலில் அரிப்பு தரும்.

முக்கியமான விதி ஒன்று. பட்டன் கெட்டியான இடத்தில், நீளும் இடத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். மென்மையான துணி கெட்டிப்படும் எல்லையில்தான் ஒவ்வொரு மூச்சுக்கும் நூல் மடிந்து நிமிரும். அங்கே நூலைச் சின்ன வளைவாகத் தளர விட்டுத் தையுங்கள். வயருக்கும் அப்படியே ஒரு வளைவு விட்டு நாடாவில் இரண்டு தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள். இழுப்பு பட்டனுக்குப் போகாது.

இதைச் சோதிக்க ஒரு வழி. சென்சார் பகுதியை அட்டையில் குண்டூசியால் அசையாமல் குத்திவிட்டு, மல்டிமீட்டரை வயர் முனையில் மாட்டி, பட்டனை மட்டும் திருகுங்கள், ஆட்டுங்கள், வயரை இழுங்கள். எண் அசையக் கூடாது. அசைந்தால் நீங்கள் அளக்கப் போவது மூச்சை அல்ல, பட்டனை. ஒரு மாணவியின் பெல்ட்டில் அலை அழகாக வந்தது, எல்லாருக்கும் மகிழ்ச்சி. சென்சாரைக் குத்திப் பிடித்தபின் பார்த்தாலும் அலை அப்படியே தொடர்ந்து வருகிறது. மூச்சோடு சேர்ந்து வயர் பட்டனை ஆட்டிக்கொண்டிருந்தது. ரிப் துணிக்கு அதில் வேலையே இல்லை.

## 8. சர்க்யூட்

இந்தப் படி சுருக்கமானது. சென்சாரையும் ஒரு நிலையான ரெசிஸ்டரையும் தொடராக இணைத்து, நடுவில் வரும் வோல்ட்டேஜை அளக்க வேண்டும். நிலையான ரெசிஸ்டரின் மதிப்பு சென்சாரின் வழக்கமான மதிப்புக்கு அருகில் இருந்தால் மாற்றம் அதிகபட்சமாகத் தெரியும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை எல்லாவற்றுக்கும் போடும் பழக்கத்தை இங்கே விட வேண்டும்.

எண்ணோடு பார்த்தால்: சென்சார் 1,000 ஓமிலிருந்து 1,150 ஓமுக்கு ஏறுகிறது, தொடரில் 1 கிலோ ஓம், மின்னழுத்தம் 3.3 வோல்ட். நடுப்புள்ளி 1.650-இலிருந்து 1.765 வோல்ட்டுக்குப் போகும், வித்தியாசம் 0.115 வோல்ட். ஈஎஸ்பி32-இன் 12 பிட் அளவியில் இது சுமார் 140 படி. ஏடிஎஸ்1115-ஐ 2.048 வோல்ட் எல்லையில் வைத்தால் ஒரு படி 62.5 மைக்ரோவோல்ட், அதாவது 1,800 படிக்கு மேல். ஈஎஸ்பி32-இன் சொந்த அளவி ஓரங்களில் நேர்கோடாகவும் இருக்காது, வைஃபை ஓடும்போது அதன் இரண்டாவது அளவியின் பின்களில் அனலாக் படிக்கவும் முடியாது. சில நூறு ரூபாய் மாட்யூலுக்காக இந்தத் தலைவலி வேண்டியதில்லை.

சென்சாரின் மொத்த மின்தடை 5 ஓம், 10 ஓம் என்று வந்தால் நிறுத்துங்கள். அந்த அளவுக்கு ஏற்ற ரெசிஸ்டர் போட்டால் நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர் ஓடி, பேட்டரியும் காலி, துணியும் சூடு. கடத்தும் வரிசைகளைக் கூட்டிப் பாதையை நீட்டி, 200 ஓமுக்கு மேல் கொண்டு வாருங்கள்.

## 9. அலையிலிருந்து எண்ணிக்கை

நொடிக்கு 25 முறை படித்தால் தாராளம். மூச்சு நொடிக்கு 0.2 முதல் 0.33 முறைதான். படித்ததில் இரண்டு வேலை. அரை நொடி சராசரி எடுத்தால் நடையின் அதிர்வு பெரும்பாலும் போய்விடும், ஏனென்றால் நடை நொடிக்கு ஏறக்குறைய இரண்டு காலடி. பிறகு, துணி மெல்ல நகரும் நகர்வைக் கழிக்க, 20 நொடிச் சராசரியைக் கழியுங்கள். 5-ஆம் படியில் குறித்த வேகத்தைப் பார்த்து இந்த 20-ஐக் கூட்டலாம், குறைக்கலாம். மிகக் குறைத்தால், நிமிடத்துக்கு ஆறு மூச்சு விடும் மூச்சுப் பயிற்சிக்காரரின் மூச்சையே கழித்துவிடும். அவருக்கு ஒரு மூச்சு 10 நொடி.

மேல் எல்லை, கீழ் எல்லை என இரண்டு வரம்பு வைத்து, மேலே போய்க் கீழே வந்தால் ஒரு மூச்சு. ஒரே வரம்பு வைத்தால் அதன் அருகே ஆடும் சின்ன ஆட்டமெல்லாம் எண்ணிக்கையில் சேரும். கடைசி ஐந்து மூச்சுகளின் இடைவெளியில் நடுவில் வரும் மதிப்பை எடுத்து வேகத்தைக் காட்டுங்கள். ஒரு மூச்சு தவறினாலும் எண் குதிக்காது.

அலையின் உயரம் ஓர் அளவுக்குக் கீழே போனால் திரையில் பூஜ்யம் காட்டாதீர்கள். "அளக்க முடியவில்லை" என்று காட்டுங்கள். பெல்ட் நழுவியதற்கும் மூச்சு நின்றதற்கும் இந்தச் சென்சாருக்கு வித்தியாசம் தெரியாது. அதற்குத் தெரியாததை அது சொல்லக் கூடாது.

குனிவதும் கையைத் தூக்குவதும் மூச்சின் வேகத்திலேயே நடப்பவை. எந்த ஃபில்டரும் அவற்றைப் பிரிக்காது. போர்டோடு ஒரு அசைவு சென்சார் வைத்து, உடம்பு அதிகம் அசையும் நேரத்து எண்களை ஒதுக்கிவிடுவதே நேர்மையான வழி.

## 10. கட்டுமுன் பாதுகாப்பு

உடம்பில் இருக்கும்போது பேட்டரியில் மட்டும் ஓட வேண்டும். சார்ஜ் ஏறும்போது கட்டக் கூடாது. யூஎஸ்பி வழியாக டேட்டா எடுத்தால் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு எடுங்கள். பேட்டரியை மடங்காத சின்ன டப்பாவில், படுத்தால் அழுந்தாத இடத்தில் வையுங்கள்.

கைக்குழந்தைக்கு இதைக் கட்டவே வேண்டாம். பெல்ட்டும் வயரும் கழுத்தில் சுற்றும் ஆபத்து இருக்கிறது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் அவற்றுக்குப் பொருந்தும். நோயைக் கண்டறியும், நோயாளியைக் கண்காணிக்கும் என்று சொல்லி விற்க நினைத்தால் அது வேறு பாதை. இந்த வழிகாட்டியில் வரும் பெல்ட் கற்றுக்கொள்ளவும் சோதிக்கவும் மட்டும்.

## 11. சரிபார்த்தல்

மெட்ரோனோம் ஆப்பை நிமிடத்துக்கு 6, 12, 20, 30 என்று வைத்து, அதன்படி ஒருவரை மூச்சு விடச் சொல்லிப் பெல்ட்டின் எண்ணோடு ஒப்பிடுங்கள். இது முதல் வடிகட்டல். 30-இல் தவறினால் சராசரி நீளம் அதிகம். 6-இல் தவறினால் நகர்வைக் கழிக்கும் நேரம் குறைவு.

பிறகு இயல்பான மூச்சு. பக்கத்தில் ஒருவர் நெஞ்சைப் பார்த்து முழு 60 நொடி எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு மூச்சுப் பிழை நாலு மூச்சாகிவிடும். எண்ணுகிறோம் என்று கட்டியவருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. தெரிந்தால் மூச்சு மாறிவிடும். உட்கார்ந்து, நின்று, மல்லாந்து படுத்து, ஒருக்களித்துப் படுத்து என நாலு நிலையிலும் செய்யுங்கள். ஒருக்களித்தால் சென்சார் உடம்புக்கு அடியில் சிக்கும் பக்கம் எது என்று அப்போதுதான் தெரியவரும்.

பேசச் சொல்லியும் பாருங்கள். அலை கன்னாபின்னாவென்று வரும். அது பெல்ட்டின் பிழையல்ல. பேசும்போது மூச்சு அப்படித்தான் போகிறது.

உட்கார்ந்த நிலையிலேயே அலை நிமிடத்துக்கு நிமிடம் சிறுத்துக்கொண்டு போனால் புரோகிராமைத் திறக்காதீர்கள், பெல்ட்டைப் பாருங்கள். வழவழப்பான நாடா விலாவிலிருந்து இடுப்பை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். தோளுக்கு மேல் ஒரு மெல்லிய பட்டை போட்டால் நிற்கும்.

## 12. துவைத்தல், மறுபடி அளத்தல்

போர்டைக் கழற்றிவிட்டு, வலைப்பையில் போட்டு, மிதமான சோப்பில் கையால் அலசுங்கள். ப்ளீச் கூடாது. ஃபேப்ரிக் கண்டிஷனரும் கூடாது. அது இழைமேல் படலமாகப் படியும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தி, நிழலில் படுக்கையாக உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் ரிப் நீண்டுவிடும்.

முழுக்கக் காய்ந்த பிறகுதான் அளவு. ஈரத் துணியின் மின்தடை பெரும்பாலும் குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து "துவைத்ததும் நன்றாகிவிட்டது" என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. தளர்ந்த நிலையிலும் 20 சதவீத நீட்சியிலும் அளந்து, துவைப்பு எண்ணோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறினால் வெள்ளி தேய்கிறது; ரெசிஸ்டரை மாற்றிச் சமாளிக்கலாம். தளர்ந்த நிலை மட்டும் மாறினால் துணி நீண்டுவிட்டது; பக்கிளில் ஒரு கோடு இறுக்கிக் கட்டிப் பாருங்கள். எண் தாறுமாறாகக் குதித்தால் பட்டன். 7-ஆம் படியின் குண்டூசிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். மூன்றிலும் அடங்காவிட்டால் துண்டைப் பிரித்து எடுத்து, பின்னி வைத்ததில் அடுத்ததை மோட்டாரில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் தையுங்கள்.